கப்பலுக்குப் போன மகனுக்கு வரி உண்டா? பெரியதாழை குடும்பங்கள் போட வேண்டிய வருமான வரிக் கணக்கு!

நான்கு நாள் கணக்கு தவறினால் கிட்டத்தட்ட 3 லட்சம் ரூபாய் போகலாம். சி.டி.சி புத்தகம் முதல் என்.ஆர்.ஓ கணக்கு வரை, கடற்கரைக் குடும்பங்களுக்கான எளிய வழிகாட்டி.

"எய்யா, பேங்க்ல உன் டெபாசிட் வட்டியில அறுபதாயிரத்துக்கு மேல புடிச்சிட்டாவளாம்லா. என்னத்துக்குய்யா?"

"அது என்.ஆர்.ஓ கணக்கும்மா, அப்படித்தான் புடிப்பாவ. ஊருக்கு வந்ததும் பாத்துக்கிடலாம்."

"நீ வாரதுக்குள்ள ஜூலை முடிஞ்சிருமேய்யா?"

இது கற்பனை உரையாடல்தான். ஆனால், மகனையோ கணவரையோ கப்பலுக்கு அனுப்பிவிட்டு, வாட்ஸ்அப் அழைப்புக்காகக் காத்திருக்கும் கடற்கரைக் குடும்பங்களுக்கு இந்தப் பேச்சு புதிதல்ல.

மணப்பாட்டுக்கும் உவரிக்கும் இடையே, தூத்துக்குடி மாவட்டத்தின் தென்கோடியில் இருக்கிறது பெரியதாழை. கடலரிப்போடும் தூண்டில் வளைவுக் கோரிக்கைகளோடும் செய்திகளில் அடிபடும் மீனவ ஊர். முத்துக்குளித்துறை என்று பெயர்பெற்ற இந்தக் கரையில் வள்ளத்தில் தொழிலுக்குப் போகிறவர்கள் ஒரு பக்கம். சரக்குக் கப்பலுக்கும், வளைகுடா நாடுகளின் மீன்பிடிப் படகுகளுக்கும் வேலைக்குப் போகிறவர்கள் இன்னொரு பக்கம். ஒரே வீட்டில் அப்பா வள்ளத்திலும் மகன் கப்பலிலும் இருப்பதுண்டு.

இருவருக்கும் வருமான வரிச் சட்டம் பொருந்தும். ஆனால், இருவருக்கும் விதிகள் வேறு. 2025-26 நிதியாண்டுக்கான கணக்கைத் தாக்கல் செய்யும் இந்த நேரத்தில், இந்தக் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை இங்கே.

எல்லாம் நாள் கணக்கு!

'வெளிநாட்டில் சம்பாதித்தால் வரி இல்லை' என்று பொதுவாகச் சொல்வார்கள். இது பாதி உண்மை. வரி உண்டா, இல்லையா என்பதை முதலில் தீர்மானிப்பது, அந்த நிதியாண்டில் ஒருவர் எத்தனை நாள் இந்தியாவில் இருந்தார் என்பதுதான்.

நிதியாண்டு என்பது ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. அந்த 365 நாள்களில் 182 நாள்களோ அதற்கு மேலோ இந்தியாவில் இருந்தால், அவர் வரிச் சட்டத்தின் பார்வையில் 'இந்தியாவில் வசிப்பவர்'. வழக்கமான விதியில் 60 நாள் என்ற இன்னொரு வரம்பும் உண்டு. வெளிநாட்டு வேலைக்காகவோ, இந்தியக் கப்பலின் ஊழியராகவோ நாட்டைவிட்டுக் கிளம்பும் இந்தியக் குடிமகனுக்கு அந்த 60 நாள், 182 நாளாகத் தளர்த்தப்பட்டிருக்கிறது.

அதாவது, இந்தியாவில் அதிகபட்சம் 181 நாள்தான் இருக்கலாம். மீதி 184 நாள்கள் வெளியே இருந்தாக வேண்டும். அப்போதுதான் 'வெளிநாட்டில் வசிப்பவர்' என்ற தகுதி கிடைக்கும். கப்பல்காரர்கள் 184 என்ற எண்ணைச் சொல்வது இதனால்தான். பிப்ரவரியில் 29 நாள் வரும் நிதியாண்டில் இது 185 ஆகிவிடும்.

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். 'ஆறு மாத ஒப்பந்தம் முடித்துவிட்டேனே' என்பது போதாது. அந்த ஆறு மாதமும் ஒரே நிதியாண்டுக்குள் விழுந்ததா என்பதுதான் கேள்வி.

உதாரணமாக, 2025 டிசம்பர் 1-ல் கப்பல் ஏறி, 2026 மே 31-ல் இறங்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 182 நாள் கப்பலில் இருக்கிறார். ஆனால், 2025-26 நிதியாண்டில் சேருவது 121 நாள் மட்டுமே. மீதி 61 நாள் அடுத்த நிதியாண்டின் கணக்குக்குப் போய்விடும். அந்த ஆண்டின் தொடக்கத்தில் அவர் ஏற்கெனவே 63 நாளாவது வெளியே இருந்திருந்தால்தான் 184 தேறும்.

நான்கு நாள்... 2,92,500 ரூபாய்!

நாள் கணக்கு பிசகினால் என்ன ஆகும்? ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

இளம் கப்பல் அதிகாரி ஒருவர். 2025 மே 10-ல் இந்தியத் துறைமுகம் ஒன்றில் கப்பல் ஏறுகிறார். வெளிநாட்டுப் பயணம் முடிந்து, நவம்பர் 5-ல் இந்தியத் துறைமுகத்திலேயே இறங்குகிறார். அதன்பின் மார்ச் வரை ஊரில்தான் இருக்கிறார். அவர் கப்பலில் இருந்தது 180 நாள்; இந்தியாவில் இருந்ததாகக் கணக்காவது 185 நாள். 184-க்கு நான்கு நாள் குறைவு. எனவே, அவர் இந்தியாவில் வசிப்பவர்.

அந்த ஒப்பந்தத்தில் அவர் பெற்ற சம்பளம் 24 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். புதிய வரிமுறையில் நிலைக்கழிவு 75,000 ரூபாய் போக, வரிக்கு உட்படும் வருமானம் 23.25 லட்சம்.

* முதல் 4 லட்சம் வரை: வரி இல்லை
* 4 முதல் 8 லட்சம் வரை 5%: ரூ.20,000
* 8 முதல் 12 லட்சம் வரை 10%: ரூ.40,000
* 12 முதல் 16 லட்சம் வரை 15%: ரூ.60,000
* 16 முதல் 20 லட்சம் வரை 20%: ரூ.80,000
* 20 முதல் 23.25 லட்சம் வரை 25%: ரூ.81,250

மொத்தம் ரூ.2,81,250. இதன்மேல் 4% கூடுதல் தீர்வை ரூ.11,250. ஆக, கட்ட வேண்டியது ரூ.2,92,500. (24 லட்சத்துக்கு மேற்பட்ட வருமானத்துக்கு 30%.)

இன்னும் நான்கு நாள் கழித்து இறங்கியிருந்தால், இதே சம்பளத்துக்கு இந்தியாவில் வரி வராமல் போயிருக்கும்!

இதோடு முடியவில்லை. வெளிநாட்டு நிறுவனம் சம்பளத்தில் டி.டி.எஸ் பிடிப்பதில்லை. ஓர் ஆண்டில் கட்ட வேண்டிய வரி 10,000 ரூபாயோ அதற்கு மேலோ என்றால், ஜூன் 15, செப்டம்பர் 15, டிசம்பர் 15, மார்ச் 15 ஆகிய தேதிகளுக்குள் முன்கூட்டிய வரியாகத் தவணை முறையில் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் மாதம் 1% வீதம் வட்டி சேரும். நவம்பரில் ஊர் வந்தவுடனேயே நாள்களை எண்ணிப் பார்த்துவிட்டால், டிசம்பர் தவணையிலிருந்தாவது கட்டி வட்டியைக் குறைக்கலாம்.

பல ஆண்டுகளாகத் தொடர்ந்து வெளிநாட்டில் வசிப்பவராக இருந்துவிட்டு, ஓர் ஆண்டு மட்டும் நாள் குறைந்தவர்களுக்கு இடையில் இன்னொரு தகுதி உண்டு. முந்தைய 10 ஆண்டுகளில் 9 ஆண்டுகள் வெளிநாட்டில் வசிப்பவராக இருந்தவர்களும், முந்தைய 7 ஆண்டுகளில் இந்தியாவில் 729 நாள்களுக்கு மிகாமல் இருந்தவர்களும் இதில் வருவார்கள். அவர்களுக்குச் சலுகைகள் உண்டு என்பதால், ஆடிட்டரிடம் பழைய ஆண்டுகளின் நாள் கணக்கையும் சேர்த்துக் கொடுப்பது நல்லது.

சம்பளம் குறைவென்றால் பதறத் தேவையில்லை

மேலே பார்த்தது அதிகாரி நிலை. டெக்கிலும் இன்ஜின் அறையிலும் வேலை செய்யும் ரேட்டிங் ஊழியர்களுக்குக் கணக்கு வேறு.

ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய் சம்பளம் வாங்கும் ஒருவர், நாள் குறைந்ததால் இந்தியாவில் வசிப்பவர் ஆகிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். நிலைக்கழிவு போக வருமானம் 9.25 லட்சம். வரி 32,500 ரூபாய். ஆனால், வருமானம் 12 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் உள்நாட்டில் வசிப்பவர்களுக்குப் புதிய வரிமுறையில் 60,000 ரூபாய் வரை தள்ளுபடி உண்டு. எனவே, அவர் கட்ட வேண்டியது பூஜ்யம்! சம்பளக்காரர்களுக்கு நிலைக்கழிவையும் சேர்த்தால், 12.75 லட்சம் வரை வரி இல்லை.

ஆனால், இரண்டு விஷயங்களை மறக்கக் கூடாது.

ஒன்று, வரி பூஜ்யம் என்றாலும் கணக்குத் தாக்கல் செய்தாக வேண்டும். தள்ளுபடிக்கான வரம்பு 12 லட்சம். தாக்கல் செய்வதற்கான வரம்பு 4 லட்சம். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் பலர் தாக்கல் செய்யாமல் விட்டு, நோட்டீஸ் வாங்குகிறார்கள்.

இரண்டு, இந்தத் தள்ளுபடி வெளிநாட்டில் வசிப்பவருக்குக் கிடையாது. 184 நாள் முடித்த ஒருவருக்கு ஊரில் வாடகை, வட்டி என்று 4 லட்சத்துக்கு மேல் வருமானம் வந்தால், மேற்பட்ட தொகைக்கு வரி கட்டித்தான் ஆக வேண்டும்.

சி.டி.சி-தான் சாட்சி

நாளை வாயால் சொன்னால் போதாது. கப்பல் ஊழியர்களின் சி.டி.சி புத்தகத்தில் ஏறிய தேதியும் இறங்கிய தேதியும் பதிவாகும். 2015-ல் கொண்டுவரப்பட்ட விதி 126-ன்படி, இந்தியாவிலிருந்து வெளிநாட்டுக்குக் கிளம்பும் கப்பலில் பணியாற்றும் இந்தியக் குடிமகனுக்கு, அந்த இரு தேதிகளுக்கு இடைப்பட்ட காலம், இரு தேதிகளையும் சேர்த்து, இந்தியாவில் இருந்த நாளாகக் கணக்கில் வராது. கப்பல் சில நாள் இந்தியக் கடல் பகுதியில் நின்றாலும் பாதகமில்லை.

ஆனால், அது சர்வதேசப் பயணமாக இருக்க வேண்டும். தூத்துக்குடியில் ஏற்றி கொச்சியில் இறக்கும் உள்நாட்டுச் சரக்குக் கப்பல் வேலைக்கு இந்தச் சலுகை இல்லை. விமானத்தில் போய் வெளிநாட்டுத் துறைமுகத்தில் கப்பல் ஏறுகிறவர்களுக்கு பாஸ்போர்ட்டில் விழும் குடியேற்ற முத்திரைகளும் முக்கியம்.

பத்திரமாக வைக்க வேண்டியவை:

* சி.டி.சி-யின் பதிவுப் பக்கங்கள்
* பாஸ்போர்ட்டின் முத்திரைப் பக்கங்கள்
* வேலை ஒப்பந்தம், மாதச் சம்பளச் சீட்டுகள்
* விமான டிக்கெட்டுகள்
* வங்கிக் கணக்கு அறிக்கைகள்

ஒவ்வொரு முறை இறங்கியதும் இவற்றை மொபைலில் படமெடுத்து வீட்டுக்கும் அனுப்பிவிட்டால், நோட்டீஸ் வரும்போது வீட்டில் இருப்பவர்கள் தேடி அலைய வேண்டாம்.

கொரோனா சொன்ன பாடம்

நாள் கணக்கு நம் கையில் மட்டுமே இல்லை என்பதை 2020 காட்டியது. ஈரானின் பந்தர் அப்பாஸ் துறைமுகத்திலிருந்து 687 பேரை ஏற்றிக்கொண்டு, ஐ.என்.எஸ் ஜலஷ்வா கடற்படைக் கப்பல் அந்த ஆண்டு ஜூலை 1-ல் தூத்துக்குடி வந்தது. ஈரானுக்கு மீன்பிடி வேலைக்குப் போய்ச் சிக்கிக்கொண்ட தமிழக மீனவர்கள் பலர் அதில் இருந்தார்கள்.

அங்கே சிக்கியவர்கள் ஒருபுறம் என்றால், விடுமுறைக்கு ஊர் வந்து திரும்பிப் போக முடியாமல் இங்கே சிக்கியவர்கள் மறுபுறம். வீட்டிலேயே நாள்கள் கூடிக்கொண்டே போயின. 2019-20 நிதியாண்டுக்கு மட்டும், மார்ச் 22 முதல் 31 வரை சிக்கிய நாள்களைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று மத்திய நேரடி வரிகள் வாரியம் 2020 மே மாதம் சுற்றறிக்கை விட்டது. அடுத்த ஆண்டுக்கு அப்படிப் பொதுவான சலுகை எதுவும் தரவில்லை. இரட்டை வரி விழுந்தவர்கள் தனியாக விண்ணப்பிக்கலாம் என்று மட்டும் 2021 மார்ச்சில் சொன்னது.

பாடம் எளிது. 184-ஐ விளிம்பில் நிறுத்தித் திட்டமிடக் கூடாது. கப்பல் முன்கூட்டியே கரை சேரலாம், உடல்நிலை கெடலாம், அடுத்த ஒப்பந்தம் தள்ளிப்போகலாம். பத்துப் பதினைந்து நாள் கூடுதலாக வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

சம்பளம் எந்தக் கணக்குக்கு வர வேண்டும்?

184 நாள் முடித்தாகிவிட்டது. ஆனால், சம்பளம் எந்தக் கணக்கில் விழுந்தது?

வெளிநாட்டில் வசிப்பவர் என்றாலும், வருமானம் இந்தியாவில் 'பெறப்பட்டால்' வரி உண்டு என்பது சட்டம். அப்படியானால், இந்திய வங்கிக்குச் சம்பளம் வந்தாலே வரியா என்று கப்பல் ஊழியர்களிடையே பெரிய குழப்பம் இருந்தது. 2017 ஏப்ரலில் வாரியம் வெளியிட்ட சுற்றறிக்கை இதைத் தெளிவுபடுத்தியது. வெளிநாடு செல்லும் கப்பலில், இந்தியாவுக்கு வெளியே செய்த வேலைக்கான சம்பளம், இந்திய வங்கியில் உள்ள என்.ஆர்.இ கணக்கில் வரவு வைக்கப்பட்டது என்பதற்காக மட்டும் வருமானத்தில் சேர்க்கப்படாது. கப்பல் இந்தியக் கொடியோ, வெளிநாட்டுக் கொடியோ, இரண்டுக்கும் இது பொருந்தும்.

கவனியுங்கள், சுற்றறிக்கை சொல்வது என்.ஆர்.இ கணக்கைத்தான். சாதாரண சேமிப்புக் கணக்குக்கோ, என்.ஆர்.ஓ கணக்குக்கோ சம்பளத்தை நேராக வரவழைத்தால் வீண் வழக்குக்கு இடம் கொடுத்தது போலாகும்.

மூன்று கணக்குகளையும் இப்படிப் புரிந்துகொள்ளலாம்:

என்.ஆர்.இ: வெளிநாட்டுச் சம்பாத்தியத்துக்கு. இதற்கு வரும் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை.

என்.ஆர்.ஓ: ஊரில் வரும் வாடகை, பழைய சேமிப்பு போன்றவற்றுக்கு. வட்டிக்கு வரி உண்டு.

சாதாரண சேமிப்புக் கணக்கு: ஊரில் வசிப்பவர்களுக்கு மட்டும். அந்நியச் செலாவணி விதிகளின்படி, வெளிநாட்டு வேலைக்குப் போனவர் இதை என்.ஆர்.ஓ-வாக மாற்றிக்கொள்ள வேண்டும்.

கப்பல் வேலையை விட்டுவிட்டு நிரந்தரமாக ஊர் திரும்பினால், அதையும் வங்கியில் சொல்லிக் கணக்கை மாற்ற வேண்டும். அதன்பிறகும் 'என்.ஆர்.இ வட்டிக்கு வரி இல்லை' என்று இருந்துவிடக் கூடாது.

அம்மாவின் கேள்விக்குப் பதில்

தொடக்கத்தில் அந்த அம்மா கேட்ட கேள்விக்கு வருவோம். என்.ஆர்.ஓ கணக்கின் வட்டிக்கு வங்கி 30% வரியும், அதன்மேல் 4% தீர்வையும் சேர்த்து 31.2% பிடித்துவிடும். இதற்குக் குறைந்தபட்ச வரம்பு எதுவும் இல்லை. 2 லட்சம் ரூபாய் வட்டி என்றால், பிடித்தம் 62,400 ரூபாய்.

மகனுக்கு இந்தியாவில் வேறு வருமானம் இல்லை என்றால், 2 லட்சம் என்பது 4 லட்சம் வரம்புக்குள் அடங்கிவிடும். வரியே இல்லை. எனவே, கணக்குத் தாக்கல் செய்தால் 62,400 ரூபாயும் ரீஃபண்டாகத் திரும்பும். தாக்கல் செய்யாவிட்டால் வராது. அவ்வளவுதான்!

1961-ம் ஆண்டுச் சட்டம் நடப்பில் இருந்தபோது, சிலர் 15ஜி படிவம் கொடுத்து இந்தப் பிடித்தத்தைத் தவிர்க்கப் பார்த்தார்கள். அந்தப் படிவமும், மூத்த குடிமக்களுக்கான 15ஹெச் படிவமும் உள்நாட்டில் வசிப்பவர்களுக்கு மட்டுமே இருந்தன. கப்பலில் இருப்பவர் பெயரில் வீட்டார் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது தவறு.

மனைவி பெயரில் டெபாசிட் போட்டால்?

வீட்டுச் செலவுக்குக் கணவர் அனுப்பும் பணம் மனைவியின் வருமானம் அல்ல. அதற்கு வரி இல்லை. ஆனால், அந்தப் பணத்தை மனைவி பெயரில் டெபாசிட் போட்டால், அதற்கு வரும் வட்டி கணவரின் வருமானத்தோடு சேர்க்கப்படும். இந்த விதி தெரியாமல், வட்டியை மனைவியின் கணக்கில் காட்டிவிடுகிறவர்கள் அதிகம். அந்த வட்டியை மறுபடி முதலீடு செய்து வரும் வருமானம் மட்டும் மனைவியுடையது.

பெற்றோருக்கு இந்த விதி இல்லை. மகன் தந்த பணத்தை அம்மா தன் பெயரில் டெபாசிட் போட்டால், வட்டி அம்மாவின் வருமானம்தான். 60 வயதைத் தாண்டியவர் என்றால், ஒரு வங்கியில் ஆண்டு வட்டி 1 லட்சம் ரூபாய் வரை டி.டி.எஸ் கிடையாது, மற்றவர்களுக்கு இந்த வரம்பு 50,000 ரூபாய். இதற்காக எல்லாப் பணத்தையும் பெற்றோர் பெயருக்கு மாற்றிவிடவும் வேண்டாம். பணம் சட்டப்படி அவர்களுடையதாகிவிடும் என்பதையும், பின்னாளில் உடன்பிறந்தவர்களுக்கு இடையே வரக்கூடிய மனக்கசப்பையும் யோசித்துச் செய்வது நல்லது.

பான் கார்டு உயிரோடு இருக்கிறதா?

ஆதாரோடு இணைக்காத பான் எண்கள் 2023 ஜூலை 1 முதல் செயலற்றுப் போயின. வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கு இணைப்பிலிருந்து விலக்கு உண்டு. ஆனால், அவர்கள் வெளிநாட்டில் வசிப்பவர் என்பது வரித்துறையின் பதிவில் இருக்க வேண்டும். அப்படிப் பதியாதவர்களின் பான் எண்ணும் சேர்ந்து முடங்கியது.

முடங்கிய பான் எண்ணுக்கு ரீஃபண்ட் வராது, டி.டி.எஸ்-ஸும் கூடுதல் விகிதத்தில் பிடிக்கப்படலாம். இ-ஃபைலிங் தளத்தில் பான் நிலையைப் பார்த்து, முடங்கியிருந்தால் ஆதாரை இணைக்க வேண்டும். அல்லது, பாஸ்போர்ட் நகல் போன்ற ஆதாரங்களுடன் தன் பகுதிக்கான வருமான வரி அதிகாரியிடம் வசிப்பிட நிலையைத் தெரிவிக்க வேண்டும்.

மீன்பிடித் தொழில் விவசாயமா?

'விவசாயத்துக்கு வரி இல்லை. அதுபோல கடல் தொழிலுக்கும் இல்லை' என்ற எண்ணம் கரையோரங்களில் உண்டு. இது சரியல்ல. நிலத்தில் செய்யும் வேளாண்மையில் வரும் வருமானத்துக்குத்தான் அந்த விலக்கு. கடலில் மீன்பிடித்து வரும் வருமானம் தொழில் வருமானம்.

அதற்காக வள்ளம் வைத்திருப்பவர்கள் எல்லாம் பயப்பட வேண்டியதில்லை. ஆண்டு விற்பனை 2 கோடி ரூபாய்க்குள் இருக்கும் சிறு தொழில்களுக்கு உத்தேச வருமான முறை இருக்கிறது. டீசல், வலை, ஐஸ் என்று ஒவ்வொரு செலவுக்கும் பில் சேர்க்க வேண்டியதில்லை. வங்கி வழியாகவும் யு.பி.ஐ வழியாகவும் வந்த தொகையில் குறைந்தது 6%, ரொக்கமாக வந்ததில் குறைந்தது 8% வருமானம் என்று காட்டினால் போதும். உண்மை லாபம் அதைவிட அதிகமென்றால், அதைத்தான் காட்ட வேண்டும்.

ஏலத்தில் ஆண்டுக்கு 30 லட்சம் ரூபாய்க்கு மீன் விற்று, எல்லாம் வங்கி வழியாகவே வந்தது என்றால், 6% வீதம் வருமானம் 1.8 லட்சம். வரி இல்லை. இதற்கான படிவம் ஐ.டி.ஆர்-4.

வருமானம் 4 லட்சத்துக்குள் இருந்தாலும் சிலர் கட்டாயம் தாக்கல் செய்ய வேண்டும். தொழில் விற்பனை 60 லட்சத்தைத் தாண்டியவர்கள், சேமிப்புக் கணக்கில் ஆண்டுக்கு 50 லட்சமோ அதற்கு மேலோ போட்டவர்கள், மின்கட்டணம் 1 லட்சத்துக்கு மேல் கட்டியவர்கள், வெளிநாட்டுப் பயணத்துக்கு 2 லட்சத்துக்கு மேல் செலவழித்தவர்கள், 25,000 ரூபாயோ அதற்கு மேலோ டி.டி.எஸ் பிடிக்கப்பட்டவர்கள் இதில் அடங்குவர்.

சேமிப்புக் கணக்கில் ஓர் ஆண்டில் 10 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கம் போட்டால், வங்கி அதை வரித்துறைக்குத் தெரிவிக்கும். வள்ளத்தின் பங்காளிகள் அனைவரின் ஏலப் பணத்தையும் ஒருவர் கணக்கிலேயே போட்டுப் பிரித்துக்கொள்கிறவர்கள், யாருக்கு எவ்வளவு போனது என்று நோட்டில் எழுதி வைப்பது அவசியம். இல்லாவிட்டால், மொத்தப் பணமும் கணக்கு வைத்திருப்பவரின் வருமானமாகத் தெரியும்.

முறையாகத் தாக்கல் செய்வதில் வேறு லாபமும் உண்டு. பிள்ளைகளின் கல்விக் கடன், வீட்டுக் கடன், வெளிநாட்டு விசா என்று எதற்குப் போனாலும் வருமானச் சான்றாகக் கேட்பது ஐ.டி.ஆர் நகலைத்தான்.

தாக்கல் செய்வது எப்படி?

1. இ-ஃபைலிங் தளத்தில் நுழைந்து, ஏ.ஐ.எஸ் என்ற ஆண்டுத் தகவல் அறிக்கையையும் 26ஏ.எஸ் படிவத்தையும் இறக்குங்கள். வங்கி வட்டி, டி.டி.எஸ் எல்லாம் அதில் இருக்கும்.

2. சரியான படிவத்தைத் தேர்ந்தெடுங்கள். வெளிநாட்டில் வசிப்பவர் ஐ.டி.ஆர்-1 பயன்படுத்தக் கூடாது, ஐ.டி.ஆர்-2 தான். வசிப்பிட நிலை, இந்தியாவில் இருந்த நாள்கள் போன்றவற்றைச் சரியாக நிரப்புங்கள்.

3. அந்த ஆண்டு இந்தியாவில் வசிப்பவர் என்றாகி, வெளிநாட்டு வங்கிக் கணக்கும் இருந்தால், அதற்கான அட்டவணையில் காட்டுங்கள். மறைத்தால் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் அபராதம் வரை போகலாம்.

4. பழைய வரிமுறையில் 80சி, வீட்டுக் கடன் வட்டி போன்ற கழிவுகள் அதிகம் இருந்தால், இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கெடு தாண்டிவிட்டால் பழைய முறையைத் தேர்ந்தெடுக்க முடியாது.

5. தாக்கல் செய்த 30 நாள்களுக்குள் இ-வெரிஃபை செய்யுங்கள். செய்யாவிட்டால், தாக்கல் செய்ததாகவே கணக்கில்லை.

கடைசிப் படியில்தான் கப்பல்காரர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். ஆதார் ஓ.டி.பி இந்திய எண்ணுக்கு வரும். சிம் ரீசார்ஜ் இல்லாமல் செத்திருக்கும். கிளம்பும் முன் அந்த எண்ணுக்கு நீண்ட கால ரீசார்ஜ் செய்துவிடுவது நல்லது. நெட் பேங்கிங் வழியாகவும் வெரிஃபை செய்யலாம். ஆறு மாதம் சிக்னலே கிடைக்காது என்பவர்கள், மனைவிக்கோ பெற்றோருக்கோ பவர் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனால், வெளிநாட்டில் இருப்பவர் சார்பில் அவர்கள் கணக்கை உறுதிசெய்யச் சட்டத்தில் இடம் உண்டு.

ஐ.டி.ஆர்-1, ஐ.டி.ஆர்-2 தாக்கல் செய்ய வழக்கமான கெடு ஜூலை 31. தொழில் வருமானம் காட்டுகிறவர்களும் அதற்குள் முடித்துவிடுவது நிம்மதி. தவறவிட்டால் டிசம்பர் 31 வரை தாமதக் கட்டணத்துடன் தாக்கல் செய்யலாம். வருமானம் 5 லட்சம் வரை 1,000 ரூபாய். அதற்கு மேல் 5,000 ரூபாய்.

'ரீஃபண்ட் வாங்கித் தர்றேன்' என்பவர்களிடம் உஷார்!

'சம்பளத்தில் பிடித்ததையெல்லாம் திருப்பி வாங்கித் தருகிறேன், எனக்கு இத்தனை சதவிகிதம் கொடுங்கள்' என்று சிலர் வலை விரிப்பார்கள். இல்லாத நன்கொடை, கட்டாத இன்ஷூரன்ஸ், வாங்காத கடன் என்று பொய்க் கழிவுகளைப் போட்டுத் தாக்கல் செய்துவிடுவார்கள். 2025 ஜூலையில் வரித்துறை, தமிழகம் உள்ளிட்ட மாநிலங்களில் இப்படிப்பட்டவர்களைக் குறிவைத்து 150 இடங்களில் சோதனை நடத்தியது. அதற்கு முந்தைய நான்கு மாதங்களில் சுமார் 40,000 பேர் தங்கள் கணக்கைத் திருத்தி, 1,045 கோடி ரூபாய்க்கான பொய்க் கழிவுகளைத் திரும்பப் பெற்றதாகவும் அப்போது தெரிவித்தது.

மாட்டினால் வரி, வட்டி, அபராதம் எல்லாம் கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர் தலையில்தான் விழும். போட்டுக் கொடுத்தவர் போனைக்கூட எடுக்க மாட்டார். இ-ஃபைலிங் பாஸ்வேர்டை வேறொருவர் கையில் விட்டுவைக்காதீர்கள். உங்கள் மின்னஞ்சலும் மொபைல் எண்ணும்தான் பதிவில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ரீஃபண்ட் வேண்டுமானால் லிங்க்கை அழுத்துங்கள் என்று வரும் குறுஞ்செய்திகளைத் தொடவே வேண்டாம்.

புதிய சட்டம் வந்துவிட்டதே?

2026 ஏப்ரல் 1 முதல், 1961-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வருமான வரிச் சட்டம் 2025 நடைமுறைக்கு வந்திருக்கிறது. 'முந்தைய ஆண்டு', 'மதிப்பீட்டு ஆண்டு' என்ற குழப்பம் போய், 'வரி ஆண்டு' என்ற ஒரே சொல் வருகிறது. பிரிவு எண்களும் மாறுகின்றன. ஆனால், இப்போது தாக்கல் செய்வது 2025-26 வருமானத்துக்கு என்பதால், இதற்குப் பழைய சட்டமே பொருந்தும்.

இன்றே செய்ய ஒரு வேலை

கப்பலில் இருப்பவர் அடுத்த முறை போனில் வரும்போது, மூன்றே கேள்விகளைக் கேளுங்கள். இந்த ஏப்ரலில் இருந்து எத்தனை நாள் வெளியே ஆகியிருக்கிறது? சம்பளம் எந்தக் கணக்குக்கு வருகிறது? பான் எண் செயல்பாட்டில் இருக்கிறதா? மூன்றுக்கும் பதில் கிடைத்துவிட்டால், வீட்டு காலண்டரில் இறங்கும் தேதியோடு 184-வது நாளையும் வட்டமிட்டு வையுங்கள். ஊர் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால், சரிசெய்ய நாள் மிச்சம் இருக்காது.